உழைப்பின் செலவை அளந்த லவாய்சியர்

ஓடுகிறவனுக்கு மூச்சு வாங்குகிறது, நாடி விரைகிறது, மேனி வெதும்பி வியர்க்கிறது, சிறிது பொழுதில் பசியும் எடுக்கிறது. இவை நான்கும் யாவரும் தொன்றுதொட்டு அறிந்தனவே. ஆயினும் இந்நான்கும் ஒரே செயலின் நான்கு தோற்றங்கள் என்பதையும், அச்செயலை அளந்து எண்ணால் எழுதிக் காட்டக்கூடும் என்பதையும் உலகுக்கு முதன்முதல் உணர்த்தியவர் பிரெஞ்சு தேசத்து அறிஞராகிய அந்துவான் லோரான் லவாய்சியர் ஆவர். இன்று தேகப்பயிற்சி செய்வோர் தாம் இத்தனை கலோரி செலவிட்டோம் என்று எளிதாய்ச் சொல்லிவிடுகின்றனர். அக்கணக்குக்கு வித்திட்ட பெரியார், வித்து முளைவிட்ட சில ஆண்டுகளுக்குள் தம் நாட்டார் கையாலேயே தலையிழந்தார். நவீன இரசாயனத்தின் தந்தை என்று நம் மாணவர் அவரை வகுப்பிற் படித்திருப்பர். ஆதலின் இரசாயனத்தை இயன்றமட்டும் சுருக்கி, மனித உழைப்பின் செலவை அவர் அளந்த வரலாற்றையும், அவ்வளவு அவரிடத்து எழுப்பிய வினாவையும் இங்கே சற்று விரித்துரைக்க விரும்புகிறோம்.

லவாய்சியர் 1743-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 26-ந் தேதி பாரிஸ் மாநகரிற் பிறந்தார். தந்தையார் செல்வமும் செல்வாக்கும் வாய்ந்த வழக்கறிஞர். ஐந்து வயதில் தாயை இழந்த பிள்ளையை விவாகமின்றியே வாழ்ந்த சிறிய தாயார் ஒருவர் வளர்த்தார். மாஸரீன் கல்லூரி என வழங்கிய பெயர்பெற்ற கல்லூரியில் இலக்கியமும் கணிதமும் பயின்றபின், குலத்தொழிலை முன்னிட்டுச் சட்டம் படித்து 1764-ல் வழக்கறிஞராகப் பதிவு பெற்றார். எனினும் நீதிமன்றத்தில் வாதிட அவர் மனம் நாடவில்லை. ரூவெல் என்பாரின் இரசாயன விரிவுரைகளைக் கேட்பதும், கெத்தார் என்னும் நிலவியலறிஞருடன் மலையும் குன்றும் சுற்றி மண்ணையும் பாறையையும் ஆராய்வதுமே அவருக்கு இன்பமாயின. பாரிஸ் நகரத் தெருக்களுக்கு இரவில் நன்கு விளக்கேற்றும் வழியைப்பற்றி அவர் எழுதிய கட்டுரைக்கு 1766-ல் பொற்பதக்கம் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு.

1768-ம் ஆண்டில் அவர் வாழ்வில் இரு நிகழ்ச்சிகள் ஒருங்கே நேர்ந்தன. ஒன்று, பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தில் அங்கத்தினராய்த் தேர்ந்தெடுக்கப்பெற்றது. மற்றொன்று, தாய்வழியே வந்த பொருளைக்கொண்டு பெருவரிக் குத்தகைக் கூட்டத்தில் ஒரு பங்கு வாங்கியது. முன்னது அவருக்கு அழியாப் புகழைத் தந்தது. பின்னது அவர் உயிரை வாங்கியது.

அக்குத்தகை இன்னதென்று அறியாமல் அவர் வரலாறு விளங்காது. அக்காலத்துப் பிரெஞ்சு அரசன் சில வரிகளைத் தானே தண்டுவதில்லை. செல்வர் சிலர் கூடி ஒரு பெருந்தொகையை அரசனுக்கு முன்னதாகச் செலுத்திவிடுவர். பிறகு குடிகளிடமிருந்து வரியைத் தாமே தண்டி, மிகுவதை இலாபமாகப் பகிர்ந்துகொள்வர். உப்பு வரியும், புகையிலை வரியும், நகர வாயிலிற் பெறும் சுங்கமும் அவற்றுள் முக்கியமானவை. உப்பு வரி என்றால் என்னவென்று நம் நாட்டார்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பிரான்ஸிலோ, குடும்பத்தார் ஆண்டுதோறும் இவ்வளவு உப்பு வாங்கியே தீரவேண்டுமென்று பல மாகாணங்களில் விதியும் இருந்தது. கள்ள உப்பு விற்றவர் சிறைக்கும் கப்பலில் துடுப்பு வலிக்கும் தண்டனைக்கும் உள்ளாயினர். லவாய்சியரின் ஆராய்ச்சிச் சாலையில் மின்னிய பித்தளைக் கருவிகளும், நுட்பத்திற்குப் பெயர்போன தராசுகளும் இக்குத்தகையின் வருவாயினால் வாங்கப்பட்டவையே. அவர் நேர்மையாகவே கணக்கு நடத்தினார் என்பதில் வரலாற்றாசிரியர்க்கு ஐயமில்லை. எனினும் ஏழையின் உப்பிலிருந்தே அப்பொருள் வந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

குத்தகைக் கூட்டாளிகளுள் ஒருவரான ழாக் போல்ஸ் என்பவரின் மகளான மரி ஆன் என்னும் பெண்ணை 1771-ல் லவாய்சியர் மணந்தார். மணமகளுக்கு வயது பதின்மூன்று, மணமகனுக்கு இருபத்தெட்டு. இக்காலத்தார்க்கு இது உவப்பாகத் தோன்றாது. ஆனால் அவ்வம்மையார் வெறும் இல்லத்தரசியாய் நின்றுவிடவில்லை. கணவர் ஆங்கிலம் அறியாதவராகையால் தாம் அம்மொழியைக் கற்று, ஆங்கில நூல்களை மொழிபெயர்த்து உதவினார். புகழ்பெற்ற ஓவியராகிய தாவீதிடம் சித்திரம் பயின்று, கணவர் நூலுக்கு வேண்டிய கருவிப் படங்களைத் தாமே வரைந்தார். சோதனை நடக்கும்போது பக்கத்திலமர்ந்து அளவுகளைக் குறித்தார். 1775-ல் லவாய்சியர் அரசாங்க வெடிமருந்துச் சாலையின் மேற்பார்வையாளருள் ஒருவராகி ஆயுதக் கிடங்கு மாளிகையிற் குடியேறினார். அங்கே அமைந்த ஆராய்ச்சிச் சாலையே இனி நாம் கூறப்போகும் செய்திகளின் களம்.

பொருள் எரிகையில் அதனுள்ளிருக்கும் புளோஜிஸ்டன் என்னும் ஒரு தத்துவம் வெளியேறுகிறது என்பது அக்கால இரசாயனிகளின் கொள்கை. ஆனால் கந்தகமும் பாஸ்பரமும் எரிந்தபின் எடை கூடுவதை லவாய்சியர் தராசில் நிறுத்துக் கண்டார். வெளியேறுவது ஒன்றிருந்தால் எடை குறையவேண்டுமேயன்றிக் கூடுவது எவ்வாறு? 1774-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஜோசப் பிரீஸ்ட்லி என்னும் ஆங்கிலப் பாதிரியார் சிவந்த பாதரச பஸ்பத்தைச் சூடாக்கி, மெழுகுவர்த்தி மிக்க ஒளியோடு எரியச்செய்யும் வாயுவொன்றைப் பெற்றார். அவ்வாண்டு அக்டோபரில் பாரிஸுக்கு வந்தபோது லவாய்சியரின் விருந்து மேசையில் அச்செய்தியை ஒளிக்காமல் சொன்னார். ஸ்வீடன் தேசத்து ஷீலே என்பவரும் தனியே அதனைக் கண்டிருந்தார். கண்டவர் இருவரும் அதனைப் பழைய கொள்கைக்குள் அடக்கவே முயன்றனர். எரிதலென்பது இவ்வாயுவோடு பொருள் கூடுதலே என்று தெளிந்து, அதற்கு ஆக்ஸிஜன் என்னும் பெயரும் இட்டவர் லவாய்சியர். நாம் பிராணவாயு என்பது அதுவே. பிரீஸ்ட்லிக்கு உரிய நன்றியை அவர் போதிய அளவு தெரிவிக்கவில்லை என்னும் குறை அன்றும் சொல்லப்பட்டது. இன்றும் அது முற்றும் நீங்கவில்லை.

நிற்க. எரியும் விளக்கும் சுவாசிக்கும் பிராணியும் மூடிய கலத்தில் ஒரே வகையாய்க் காற்றைக் கெடுக்கின்றன. இரண்டும் பிராணவாயுவை உட்கொண்டு கரியமிலவாயுவை வெளிவிடுகின்றன. அவ்வாறாயின் உயிர்ப்பும் ஒரு மெல்லிய எரிதல்தானோ? உடலின் சூடு அவ்வெரிதலின் சூடுதானோ? இவ்வெண்ணத்தை 1777-ல் லவாய்சியர் கழகத்தில் வெளியிட்டார். ஆனால் ஒப்புமை வேறு, உறுதி வேறு. இரண்டிலும் பிறக்கும் சூட்டை அளந்து ஒப்பிட்டாலன்றி அவர் உள்ளம் அமைதியடையாது.

சூட்டை எங்ஙனம் அளப்பது? இங்கேதான் கணித மேதையாகிய லாப்லாஸ் அவருக்குத் துணைவந்தார். இருவரும் ஒரு பாத்திரம் சமைத்தனர். நடுவே கம்பிவலைக் கூடு. அதனைச் சூழப் பனிக்கட்டி. அதற்கும் வெளியே மற்றொரு பனிக்கட்டிச் சுற்று. புறத்துச் சூடெல்லாம் வெளிச்சுற்றிலேயே தங்கிவிடும். உட்சுற்றை உருக்குவது கூட்டிலிருக்கும் பொருளின் சூடு மாத்திரமே. உருகி அடியில் வடியும் நீரை நிறுத்தால் சூட்டின் அளவு தெரியும். எளிமையும் அழகும் ஒருங்கமைந்த இக்கருவியைக் கலோரிமானி என்று பிற்பாடு லவாய்சியரே பெயரிட்டழைத்தார். குளிர்காலத்தில் மட்டுமே அது செவ்வையாய் இயங்கும் என்பது ஒரு குறை. 1782-ம் ஆண்டின் குளிர்காலம் அதற்கு வாய்ப்பாக அமைந்தது.

கூட்டினுள்ளே கினிப்பன்றி என்னும் சிறு பிராணியை அமர்த்தினர். பத்து மணி நேரத்தில் அதன் சூட்டினால் உருகிய பனிக்கட்டி 13 அவுன்ஸ், இக்கால அளவில் ஏறத்தாழ 400 கிராம். அப்பிராணி அத்தனை நேரத்தில் வெளிவிடும் கரியமிலவாயுவைத் தனியே அளந்து, அவ்வளவு வாயுவைத் தரத்தக்க கரியை எரித்தால் எவ்வளவு பனிக்கட்டி உருகும் என்று கணித்தனர். விடை ஏறத்தாழ பத்தரை அவுன்ஸ். இரண்டும் சரிநிகர் அல்ல. ஆனால் தற்செயல் என்று தள்ளிவிடவும் இயலாத நெருக்கம். உடலில் கரி மட்டுமன்றி ஹைட்ரஜனும் எரிந்து நீராகிறது என்பதைப் பின்னர் உணர்ந்த லவாய்சியர் குறைந்த பங்கிற்கு அதனைக் காரணமாகக் காட்டினார். பனிக்கூட்டில் அடைபட்ட பிராணியின் உடல் குளிர்ந்துபோனதும் ஒரு காரணமாகும். 1783-ல் கழகத்தில் படிக்கப்பட்ட அக்கட்டுரையோடு, உயிருள்ள உடலும் அடுப்பும் ஒரே நியதிக்குட்பட்டவை என்னும் எண்ணம் வெறும் கற்பனை என்னும் நிலையைக் கடந்தது.

இதன்பின் சில ஆண்டுகள் அவர் வேறு பெருஞ்செயல்களில் மூழ்கினார். நீர் தனிப்பொருளன்று, இருவாயுக்களின் சேர்க்கை என்று காட்டியதும், 1787-ல் இரசாயனப் பொருள்களுக்குப் புதுப்பெயர் வகுத்ததும், 1789-ல் தம் பெருநூலாகிய இரசாயன ஆரம்ப நூலை வெளியிட்டதும் அக்காலத்தன. அவற்றை மாணவர் பாடப்புத்தகங்களில் விரிவாய்க் காணலாம்.

மறுபடியும் சுவாச ஆராய்ச்சிக்குத் திரும்பியபோது அவர் கினிப்பன்றியோடு நில்லாமல் மனிதனையே சோதிக்கத் துணிந்தார். மனிதனைப் பனிக்கட்டிக் கூட்டில் அடைப்பதற்கில்லை. ஆகவே அவன் வெளிவிடும் சூட்டை விட்டு, உட்கொள்ளும் பிராணவாயுவை அளப்பதென்று தீர்மானித்தார். ஆர்மன் செகுவின் என்னும் இளம் உதவியாளர் தம் உடலையே சோதனைக்கு ஒப்புவித்தார். உயிர்க்கு ஊறு நேரலாமென்ற அச்சமிருந்தும் அவர் பின்வாங்கவில்லை. வாயையும் மூக்கையும் காற்றுப் புகாமல் மூடும் முகமூடி. அதிலிருந்து வாயுக்கலத்திற்குச் செல்லும் குழாய். ஒருவர் நாடியைப் பார்த்து எண்ணுவார். ஒருவர் கலத்தில் வாயு குறைவதை நோக்குவார். அம்மையார் மேசையருகே அமர்ந்து எழுதுவார்.

கண்ட அளவுகளை இக்காலத்து லிட்டர்க் கணக்கில் தருகிறோம். வெறும் வயிற்றோடு வெதுவெதுப்பான அறையில் சும்மா அமர்ந்திருந்த செகுவின் ஒரு மணி நேரத்திற்கு 24 லிட்டர் பிராணவாயுவை உட்கொண்டார். அறை குளிர்ந்தபோது அது ஏறக்குறைய 27 லிட்டராயிற்று. உணவு செரிக்கும் வேளையில் 38 லிட்டர் வரை உயர்ந்தது. பிறகு வெறும் வயிற்றோடு கால்மணி நேரம் மிதிபலகையை மிதித்து, ஏழேகால் கிலோகிராமுக்குச் சற்று மிகுந்த பாரத்தை ஏறத்தாழ 200 மீட்டர் உயரத்திற்கு ஏற்றும் அளவு உழைத்தார். அப்போது உட்கொண்ட பிராணவாயு மணிக்கு 63 லிட்டர் என்னும் வீதமாயிற்று. உண்டபின் இவ்வாறே உழைத்தபோது 91 லிட்டர். இத்தனைக்கும் உடலின் சூடு ஏறக்குறைய ஒரே நிலையில் நின்றது. மாறியவை நாடியும் மூச்சுமே.

இவ்வெண்களைச் சற்று நின்று நோக்குவது தகும். குளிர், உணவு, உழைப்பு என்னும் மூன்றும் உடலின் எரிதலை மிகுவிக்கும். மூன்றிலும் உழைப்பே மிக வலியது. இன்று உடலியல் நூல்களில் தனித்தனி அத்தியாயமாய் விரிந்துள்ள இம்மூன்று உண்மைகளும் அச்சிறு பட்டியலில் அடங்கியுள்ளன. ஓய்வுக்குரிய அளவு மாத்திரம் சற்று மிகை. சும்மா இருக்கும் வளர்ந்த மனிதன் மணிக்கு ஏறத்தாழ 15 லிட்டரே கொள்வான் என்று இப்போது அறிவோம். செகுவின் முகமூடிக்குள் முற்றும் அமைதியாய் இருந்திருக்க மாட்டார், கருவியிலும் பிழையிருந்திருக்கலாம். எனினும் எண்களின் ஏற்ற இறக்க முறை பழுதற்றது.

கலோரி என்னும் அளவை லவாய்சியர் அறியார். அது அவருக்குப் பின் 1820-ம் ஆண்டையொட்டி நிக்கோலாஸ் கிளெமான் என்பவரின் விரிவுரைகளில் தோன்றியது. உணவைப்பற்றிப் பேசுங்கால் ஒரு கிலோகிராம் நீரை ஒரு சென்டிகிரேடு டிகிரி சூடேற்றும் உஷ்ணமே ஒரு கலோரி. உடலில் ஒரு லிட்டர் பிராணவாயு செலவாகும்போது ஐந்து கலோரிக்குச் சற்றுக் குறைவான சக்தி வெளிப்படுகிறது. இதனைக்கொண்டு நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். வெறும் வயிற்றோடு உழைத்த அக்கால்மணியில் செகுவின் கூடுதலாய்க் கொண்ட பிராணவாயு 9 லிட்டருக்கு மேல். அதற்குரிய சக்தி ஏறக்குறைய 45 கலோரி. அவர் ஏற்றிய பாரத்தின் வேலையோ மூன்றரைக் கலோரிக்கும் குறைவு. எஞ்சியதெல்லாம் சூடாகவே கழிந்தது. தேர்ந்த முறையில் சைக்கிள் மிதிப்பவனும் தான் செலவிடும் சக்தியில் நாலிலொரு பங்கிற்கு மேல் வேலையாக மாற்றமாட்டான். பயிற்சி செய்பவனுக்கு வியர்ப்பது ஏன் என்பதற்கு இதனினும் தெளிவான விடை வேண்டுமோ?

நாடியின் விரைவு, ஏற்றிய பாரத்திற்கேற்ப மிகுகிறது என்பதையும் அவர் கண்டார். நாடியும் மூச்சும் சேர்ந்து உடலின் செலவைக் காட்டும் என்று துணிந்தபின் அவர் சிந்தனை விரிந்தது. மேடையில் சொற்பொழிவாற்றுபவன், இசைக்கருவி வாசிப்பவன், அறையில் அமர்ந்து எண்ணும் தத்துவஞானி ஆகிய இவர்தம் உழைப்பையும் இத்தனை பாரம் தூக்கியதற்குச் சமம் என்று ஒருநாள் கூறக்கூடும் என எண்ணினார். சொற்பொழிவிலும் இசையிலும் அது உண்மையாயிற்று. சிந்தனை விஷயத்தில் அவர் நம்பிக்கை நிறைவேறவில்லை. கணக்கோடு மல்லாடும் மாணவனின் உடல் செலவிடும் சக்தி, சும்மா அமர்ந்திருக்கும் மாணவனுடையதினும் மிகச் சிறிதே கூடுதல் என்று பிற்காலச் சோதனைகள் காட்டிவிட்டன. பரீட்சைக் காலத்துப் பசிக்கு நம் மாணவர் வேறு காரணம் தேடவேண்டும்.

இதனினும் ஆழ்ந்த எண்ணம் ஒன்று அவருக்கு அக்கட்டுரையிலேயே எழுந்தது. சுவாசம் என்பது காற்றை இழுத்து விடுவது மாத்திரமே என்று கருதியவரை ஏழைக்கும் செல்வனுக்கும் வேறுபாடில்லை. காற்று எல்லார்க்கும் பொது, விலையுமில்லை. ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் உடம்பின் பொருளே எரிகிறது, உழைப்பவனிடத்தில் அது இரட்டித்தும் அதற்கு மேலும் எரிகிறது என்று தராசு காட்டியபின் நிலைமை வேறு. எரிந்ததை உணவே ஈடுசெய்யவேண்டும். கைவருந்தி உழைக்கும் ஏழைக்கு மிகுதியாகத் தேவை. அவனுக்கோ உணவு குறைவு. உழையாத செல்வனுக்குச் சிறிதே தேவை. அவன் மேசையிலோ அளவிறந்த பண்டம். இம்முறைகேட்டிற்கு இயற்கையைக் குறைகூறுவதற்கில்லை, மனிதர் வகுத்த ஏற்பாடுகளே காரணம், நல்ல சட்டங்களால் இதனைத் திருத்தக்கூடும் என்பது அவர் முடிபு. 1789 அக்டோபரில் பாரிஸ் நகரத்துப் பெண்கள் ரொட்டி கேட்டு வெர்சேல்ஸ் அரண்மனைக்கு நடந்துசென்ற செய்தி நாடெங்கும் பேசப்பட்ட காலம் அது. முகமூடியும் வாயுக்கலமும் கொண்டு நடந்த ஒரு சோதனை, அக்கூக்குரலின் நியாயத்தை எண்ணால் நிறுவிவிட்டது.

இதனை எழுதியவர் யார் என்பதை நினைக்கும்போது நமக்குத் திகைப்பு உண்டாகிறது. ஏழையின் உப்பில் வரி தண்டிய கூட்டத்தின் பங்காளியே இவர். தம் வாழ்வுக்கும் தம் அளவைக்கும் உள்ள முரண்பாட்டை அவர் உணர்ந்தாரா? வெளிப்படையாய் அவர் எங்கும் அதனைச் சொல்லவில்லை. ஆயினும் அவர் செயல்கள் சில நம் சிந்தனைக்குரியவை. பிளுவா நகரத்திற்கு அருகே 1778-ல் நிலம் வாங்கி, விளைச்சலைப் பெருக்கும் வழிகளைத் தம் செலவில் சோதித்துக் குடியானவர்க்குக் காட்டினார். 1788-ல் பஞ்சம் வந்தபோது அந்நகரத்தார் தானியம் வாங்க வட்டியின்றிக் கடன் கொடுத்தார். ஓர்லேயன் மாகாண சபையில் ஏழைகளைக் கூலியின்றிச் சாலை வேலைக்கு இழுக்கும் வழக்கத்தை எதிர்த்துப் பேசியதோடு, முதியோர்க்கும் விதவைகட்கும் உதவும் சேமிப்பு நிதியொன்றுக்கும் திட்டம் வகுத்தார். சிறைச்சாலைகளின் கேட்டை ஆராய்ந்தவருள்ளும் அவர் ஒருவர். 1791-ல் வெளிவந்த நூலொன்றில், பிரான்ஸ் தேசத்து மக்கள் ஆண்டில் எவ்வளவு தானியம் உண்கின்றனர் என்பதையே கணிக்க முயன்றார். இவ்வளவும் செய்தவர் குத்தகைப் பங்கை மட்டும் விடவில்லை. வருவாயின்றி ஆராய்ச்சி இல்லை என்று அவர் தமக்குத்தாமே சமாதானம் கூறிக்கொண்டிருக்கலாம். நாம் அதனை ஊகிக்கலாமேயன்றி ஏற்கவேண்டிய கட்டாயமில்லை.

பாரிஸ் ஜனங்கள் அவருடைய நற்செயல்களை அறிந்தாரல்லர். அவர்கள் கண்டது மதிலைத்தான். சுங்கத்தைத் தப்பித்து நகருக்குள் பண்டங்கள் நுழைவதைத் தடுக்க, நகரைச் சுற்றி ஒரு மதில் எழுப்பலாமென்று குத்தகைக் கூட்டத்திற்கு யோசனை சொன்னவர் லவாய்சியர். 1784-ம் ஆண்டையொட்டி அம்மதில் எழத் தொடங்கியது. நகரத்தின் காற்றையே தடுத்துவிட்டனர் என்று மக்கள் கசந்தனர். மனிதன் உயிர்க்கும் காற்றை அளந்தவர்மீது இப்பழி விழுந்தது விந்தையே. மாரா என்பவர் புரட்சிக்கு முன்னரே நெருப்பைப்பற்றி ஒரு நூல் எழுதியிருந்தார். லவாய்சியர் அதனை மதிக்கவில்லை. பின்னர்ப் பத்திரிகையாளராய் ஓங்கிய மாரா 1791-ல் மதிலையும் குத்தகையையும் காட்டி அவரைக் கடுமையாகத் தாக்கினார். குத்தகைக் கூட்டம் அவ்வாண்டே கலைக்கப்பட்டது. 1793 ஆகஸ்டில் விஞ்ஞானக் கழகமும் மூடப்பட்டது.

1793 நவம்பர் மாதத்தில் பழைய குத்தகைக்காரர் அனைவரையும் சிறைசெய்ய ஆணை பிறந்தது. லவாய்சியர் நாலு நாள் மறைந்திருந்து, பிறகு தாமே சென்று அடைபட்டார். புதிய மீட்டர் அளவை முறையை வகுத்துவந்த குழுவிற்கு அவர் இன்றியமையாதவர் என்று போர்தா, ஹாவுயி என்னும் அறிஞர் இருவர் விண்ணப்பித்தனர். பயனில்லை, சில நாட்களில் போர்தாவே அக்குழுவினின்று நீக்கப்பட்டார். அவரோடு பணியாற்றிய வேறு சில அறிஞரோ, புரட்சி அரசாங்கத்தில் செல்வாக்குடையவராயிருந்தும் வாய்திறக்கவில்லை. சிறையில் அவர் தம் ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தொகுத்து அச்சுக்கு ஒழுங்கு செய்துகொண்டிருந்தார்.

1794-ம் ஆண்டு மே மாதம் 8-ந் தேதி காலையில் விசாரணை. புகையிலையில் அளவுக்கு மீறி நீர் தெளித்து எடை கூட்டினர் என்பதும் குற்றச்சாட்டுகளுள் ஒன்று. அன்று மாலைக்குள் இருபத்தெட்டுப் பேரும் கில்லட்டின் என்னும் சிரச்சேத யந்திரத்திற்கு இரையாயினர். மாமனார் போல்ஸ் தலை வீழ்வதைப் பார்த்தபின் லவாய்சியர் மேடை ஏறினார். வயது ஐம்பது. குடியரசுக்கு அறிஞர் தேவையில்லை என்னும் பொருள்பட நீதிபதி உரைத்ததாய் ஒரு செய்தி புத்தகந்தோறும் வழங்குகிறது. அதற்குத் தக்க ஆதாரமில்லை என்று வரலாற்றறிஞர் தள்ளிவிட்டனர். துண்டித்த தலை கண்ணிமைத்து எண்ணிக் காட்டிற்று என்னும் கதையோ அதனினும் பிற்பட்ட கட்டு.

அவர் நிறுத்திய இடத்திலிருந்து இவ்வாராய்ச்சி தொடர நெடுங்காலம் சென்றது. எரிதல் நுரையீரலுள் நிகழ்கிறது என்று அவர் கருதியது பிழை. அங்ஙனமாயின் நுரையீரல் மட்டும் தாங்கொணாச் சூடு கொள்ளுமே என்று லக்ராஞ்ச் என்னும் கணிதவறிஞர் அவர் காலத்திலேயே ஐயுற்றார். எரிதல் உடலெங்கும் உள்ள திசுக்களில் நிகழ்வதென்பது 19-ம் நூற்றாண்டிலேதான் உறுதிப்பட்டது. சூடு என்பது எடையற்ற ஒரு திரவம் என்று அவர் நம்பியதும் பிழையே. ஜெர்மனியில் ரூப்னர் 1894-ல் நாயைக் கொண்டு செய்த சோதனையில், உணவின் சக்தியும் உடலின் சூடும் நூற்றுக்கு ஒரு பங்கும் வேறுபடாமல் ஒத்தன. அமெரிக்காவில் வெஸ்லியன் கல்லூரியில் அட்வாட்டர் என்பவர், மனிதன் நாட்கணக்காய் உண்டு உறங்கி வாழத்தக்க ஓர் அறையையே கலோரிமானியாகக் கட்டினார். அதனுள்ளே நிலையாய் நிறுத்திய சைக்கிளை மிதிக்கவைத்து உழைப்பின் செலவை நேராகவே அளந்தனர். 1911-ல் டக்ளஸ் என்னும் ஆங்கிலேயர், வெளிவிடும் மூச்சைச் சேர்க்கும் பையொன்றை முதுகிற் சுமக்கச்செய்து, மலையேறுவோனையும் ஓடுவோனையும் வெட்டவெளியிலேயே சோதிக்க வழிகண்டார். இக்காலத்தார் மணிக்கட்டில் அணியும் கருவிகளோ மூச்சை அளப்பனவல்ல. நாடியையும் அசைவையும் கொண்டு செலவை ஊகித்துக் கூறுவன. அவ்வூகம் பலகால் பெரிதும் தவறுகிறது. நாடி உழைப்புக்கு மட்டுமன்றி அச்சத்திற்கும், வெயிலுக்கும், காப்பிக்கும் விரையுமன்றோ?

லவாய்சியரின் மனைவியார் ஒரே நாளில் கணவரையும் தந்தையையும் இழந்தார். தாமும் சில காலம் சிறையிலிருந்தார். 1795-ன் இறுதியில், பறித்துச் சென்ற நூல்களும் கருவிகளும் அவருக்குத் திரும்பி வந்தபோது, அநியாயமாய்த் தண்டிக்கப்பட்ட லவாய்சியரின் விதவைக்கு என்று அரசாங்கமே எழுதி அனுப்பிற்று. சிறையிலிருந்து கணவர் ஒழுங்கு செய்த கட்டுரைத் தொகுதியை அச்சிட முனைந்து, முன்னுரை எழுதச் செகுவினைக் கேட்டார். உயிரோடிருந்த குற்றவாளிகளைக் கண்டித்தெழுத அவர் இசையவில்லை. முகமூடிக்குள் உயிரைப் பணயம் வைக்க அஞ்சாதவர் பேனாவை எடுக்க அஞ்சினார். அம்மையார் தாமே முன்னுரை எழுதி, 1805-ம் ஆண்டளவில் அந்நூலை அறிஞர்களுக்கு இனாமாக வழங்கினார். அவ்வாண்டிலேயே ரம்போர்டு பிரபுவை மறுமணம் செய்தார். பீரங்கிக் குழாயைத் துளைக்கும்போது ஓயாமல் எழும் சூட்டைக் கண்டு, சூடு திரவமன்று, இயக்கமே என்று 1798-ல் வாதித்து, முதற்கணவரின் கொள்கையை அசைத்தவர் அவரே. அம்மணம் நாலாண்டில் முறிந்தது. இறுதிவரை தம் பெயரில் லவாய்சியர் என்பதை அவர் விடவில்லை, 1836-ல் காலமானார்.

செகுவினைக்கொண்டு நடந்த சோதனைகளை அவர் நினைவிலிருந்து வரைந்த சித்திரங்கள் இரண்டு இன்றும் உள்ளன. ஒன்றில் செகுவின் ஓய்ந்திருக்கிறார். மற்றொன்றில் மிதிபலகைமேல் கால் வைத்து உழைக்கிறார். லவாய்சியர் நின்றபடி கைநீட்டி எதனையோ சொல்லுகிறார். வலப்புறத்து ஓரத்தில் சிறுமேசையருகே ஒரு பெண் அமர்ந்து, கையில் எழுதுகோலோடு அவர் சொல்வதைக் குறித்துக்கொண்டிருக்கிறாள்.